மாடு செத்தாலும் சாகாத பணம்: வட கென்யாவின் மேய்ச்சல் பெண்களும் வறட்சியும்

கென்யாவின் வடக்கிலும் எத்தியோப்பியாவின் தெற்கிலும் ஆண்டுக்கு இரண்டு மழை. மார்ச்சிலிருந்து மே வரை நெடுமழை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை குறுமழை. 2020 அக்டோபர் தொடங்கி 2022 டிசம்பர் வரை இவை அடுத்தடுத்து ஐந்து முறை பொய்த்தன. நாற்பது ஆண்டுகளில் காணாத வறட்சி அது. கென்யாவில் மட்டும் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. அந்த எண்ணிக்கை உலகச் செய்தியானது. மந்தை எங்கோ தூரத்தில் இருந்த அந்த மாதங்களில் குடியிருப்பில் அடுப்பு எரிந்ததா, எரிந்தது என்றால் யார் கைப்பணத்தில் எரிந்தது என்பதை அதிகம் பேர் கேட்கவில்லை. மேய்ச்சல் சமூகங்களின் வறுமையைப் பற்றிப் பேசப் புகுந்தால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மார்சபிட் மாவட்டத்தில் ரெண்டில்லே, கப்ரா, போரானா, சம்புரு மக்கள் வாழ்கிறார்கள். ரெண்டில்லேக்களுக்கும் கப்ராக்களுக்கும் ஒட்டகம் முதன்மை, போரானாக்களுக்கு மாடு. குடியிருப்பைச் சுற்றிப் புல் தீர்ந்ததும் இளவட்டங்கள் மந்தையைப் பல நாள் நடைத் தொலைவுக்கு ஓட்டிச் சென்று கிடை போடுவார்கள். குடியிருப்பில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் தங்கிவிடுவார்கள். பாலுக்கென்று நாலைந்து ஆடுகளை விட்டுப்போவார்கள். அவற்றின் மடியும் வற்றிவிட்டால் மக்காச்சோள மாவு, சர்க்கரை, தேயிலை எல்லாம் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அந்தக் காசு எங்கிருந்து வரும்? வழக்கப்படி பால் பெண்ணுடையது. கறந்ததை யாருக்கு ஊற்றுவது, எதை மோராக்குவது, எதை விற்பது என்பது அவள் முடிவு. ஆனால் கால்நடையை விற்கும் உரிமை பெரும்பாலும் ஆணிடம் இருக்கிறது. அவர் கிடையில் இருக்கிறார், சந்தை வேறொரு திசையில் இருக்கிறது.

சந்தைக்குப் போனாலும் வறட்சியில் கணக்கு தலைகீழாகிறது. ஆடு மெலிகிறது, எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வருகிறார்கள், ஆட்டு விலை சரிகிறது. அதே வாரங்களில் மாவு விலை ஏறுகிறது. ஓர் ஆட்டை விற்றால் முன்பு இரண்டு மாதத்துக்கு மாவு கிடைத்தது, இப்போது மூன்று வாரத்துக்குக்கூட வராது என்ற நிலை. எத்தியோப்பியாவின் 1970-களின் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், மேய்ச்சல்காரர்களைக் கொன்றதில் கால்நடைச் சாவுக்கு இணையான பங்கு இந்த விலைச் சரிவுக்கும் உண்டு என்று காட்டினார். கென்யாவின் தேசிய வறட்சி மேலாண்மை ஆணையம் வெளியிடும் மாதாந்திர அறிக்கைகளில், ஓர் ஆட்டுக்கு எத்தனை கிலோ மக்காச்சோளம் என்ற விகிதம் இன்றும் ஒரு முக்கிய அளவுகோல். ஒரு பகுதியின் நாடியைப் பிடித்துப் பார்க்க அதைவிட நேரான எண் இல்லை.

மந்தை ஓர் அளவுக்குக் கீழே சுருங்கினால் நாடோடி மேய்ச்சலே முடியாமல் போகிறது. எத்தியோப்பிய போரானாக்களின் பல ஆண்டு மந்தைக் கணக்கை ஆராய்ந்து 2004-இல் வெளியான ஆய்வொன்று, ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ 15 மாடுகள் என்ற இடத்தில் அந்தக் கோடு இருப்பதாகச் சொன்னது. அதற்கு மேலே இருப்பவர்கள் வறட்சிக்குப் பின் மெல்ல மீள்கிறார்கள். கீழே விழுந்தவர்கள் தொலைவில் கிடை போடும் அளவுக்கு மந்தையோ ஆளோ இல்லாமல் ஓரிடத்தில் முடங்குகிறார்கள், மிச்ச மாடுகளும் கரைகின்றன. அப்படி முடங்கிய குடும்பங்களின் பெண்களைத்தான் நெடுஞ்சாலையோரச் சிற்றூர்களில் விறகும் கரியும் விற்பவர்களாகவும், பிறர் வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பவர்களாகவும் பார்க்கிறோம்.

செத்த மாட்டுக்குப் பதில் மாடு கொடுப்பது நன்கொடையாளர்களுக்கு முதலில் தோன்றும் யோசனை. கெட்ட எண்ணம் அல்ல. ஆனால் அடுத்த வறட்சியில் அந்த மாடும் சாகும். கொடுக்கும் சொத்து எதிர்பாராத அடியைத் தாங்குமா என்று பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவுக்கு வெளியே ஒரு சான்று உண்டு. பரம ஏழைகளுக்குச் சொத்து, உணவுச் செலவுக்கான உதவித்தொகை, பயிற்சி, சேமிப்பு, வீடு தேடி வரும் வழிகாட்டி ஆகியவற்றைச் சேர்த்துத் தரும் திட்டத்தை வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 2002-இல் தொடங்கியது. அதைப் பின்பற்றி எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் நடந்த திட்டங்களின் ஆய்வு 2015-இல் வெளிவந்தது. பெரும்பாலான இடங்களில் பலன் திட்டம் முடிந்த ஓராண்டுக்குப் பின்னும் நின்றது. ஹோண்டுராஸில் நிற்கவில்லை. பலருக்குக் கொடுத்தது கோழி, கோழிகள் நோயில் செத்தன. கானாவில் வேறொரு பாடம்: சொத்தை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதை விட்ட குழுவிலும், சேமிப்பை மட்டும் ஏற்பாடு செய்த குழுவிலும் முழுத் திட்டத்தின் பலன் கிடைக்கவில்லை.

மேய்ச்சல் நிலத்தில் இதற்கான விடையை முதலில் கண்டவர்கள் அங்கிருந்த பெண்களே. வட கென்யாவின் குடியிருப்புகளில் 16 பெண்கள் குழுக்களை ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, அவை சராசரியாகப் பத்து ஆண்டு நிலைத்திருந்தன. அவற்றில் பாதி வெளியார் யாரும் தூண்டாமல் தாமாக அமைந்தவை. தொடக்க உறுப்பினர் ஒரு குழுவுக்குச் சுமார் 24 பேர், அவர்களில் 20 பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஆனாலும் ஒவ்வொரு குழுவுக்கும் விரிவான விதிமுறை இருந்தது, தேர்தலில் வந்த தலைவிகள் இருந்தார்கள், சேமிப்பும் கடனும் நடந்தன. எல்லைக்கு அப்பால் எத்தியோப்பிய போரானா பெண்களை அழைத்து வந்து இந்தக் குழுக்களைக் காட்டினார்கள். பார்த்துவிட்டுப் போனவர்கள் தங்கள் ஊரில் தொடங்கினார்கள். 2000 முதல் 2004 வரை அங்கே 59 குழுக்கள் உருவாயின. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெண்கள். முதலில் தாங்களே சேமித்தார்கள், எழுத்தும் கணக்கும் கற்றார்கள், பிறகு சிறு கடன், பிறகு கால்நடை விற்பனை. 2005 முதல் 2008 வரை வறட்சி வந்தது. அதற்குப் பின் குழுவில் இருந்த குடும்பங்களையும் இல்லாத குடும்பங்களையும் ஒப்பிட்டபோது பசி, சொத்து, வாழ்க்கைத் தரம் எல்லாவற்றிலும் குழுக் குடும்பங்கள் தெளிவாக முன்னே நின்றன. 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் இது வெளியானது.

மார்சபிட்டிலும் சம்புருவிலும் போமா என்ற அமைப்பு நடத்தும் இரண்டாண்டுத் திட்டம் இந்த இரு அனுபவங்களும் சந்திக்கும் இடம். மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு வியாபாரம். தொடக்கப் பணம் மானியம், திருப்பித் தர வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு கடை நடக்கிறதா, கணக்கு இருக்கிறதா என்று பார்த்து இரண்டாவது சிறு மானியம். அந்த ஊரையே சேர்ந்த வழிகாட்டி ஒருவர் தொடர்ந்து வந்து பார்க்கிறார். பல வியாபாரக் குழுக்கள் சேர்ந்து ஒரு சேமிப்புக் குழு. இத்திட்டத்தைப் பற்றி 2017-இல் வெளியான மதிப்பீடு, ஓராண்டுக்குள் வருமானம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியதாகச் சொல்கிறது.

ஏன் கடனாகக் கொடுப்பதில்லை? பரம ஏழைக் குடும்பத்தில் முதல் தவணை வரும் முன்பே யாராவது ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வரும். கடன் பணம் மருந்துக்குப் போகும், தவணைக்கு இருக்கும் ஆட்டை விற்க வேண்டிவரும். முதல் உதவி மானியமாக இருக்க வேண்டும், கடன் அவளே சேமித்த பெட்டியிலிருந்து பிறகு வரட்டும். ஏன் மூவர்? ஒருத்திக்குப் பிரசவம், ஒருத்தி மந்தையோடு இடம் மாற வேண்டிய நிலை என்றாலும் கடை மூடாது. மூவரில் ஒருவருக்காவது எண்கள் தெரிந்திருந்தால் நல்லது.

ஆள் தேர்வில்தான் முதல் தவறு நடக்கிறது. ஊர்ப் பெரியவர்களும் பெண்களும் கூடி, வீடுகளை வசதி வரிசையில் அடுக்குவது வழக்கமான முறை. ஒரே கூட்டத்தில் முடித்தால் பெரியவரின் உறவுக்காரிகள் மேலே வந்துவிடுகிறார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை என்று தனித்தனியாகச் செய்து, இரண்டும் எங்கே முரண்படுகின்றன என்று பார்த்து, அந்த வீடுகளுக்கு நேரில் போக வேண்டும். ஒருவருக்கு இரண்டு மூன்று மனைவியர் உள்ள வீட்டை ஒரே குடும்பமாக எண்ணுவது இன்னொரு தவறு. ஒவ்வொரு மனைவிக்கும் தனி வீடு, தனி அடுப்பு, அவளுக்கென்று ஒதுக்கிய பால் மாடுகள். கணவரின் மந்தையைப் பார்த்து வசதியானவள் என்று முடிவு கட்டினால், ஒதுக்கீடே இல்லாத இளைய மனைவி விடுபட்டுப் போவாள்.

இனி கடைக்கு வருவோம். பெரும்பாலான திட்டங்கள் பொறியில் சிக்குவது இங்கேதான். மூவருக்கும் சேர்த்து 20,000 கென்ய ஷில்லிங் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். மார்சபிட்டிலிருந்தோ இசியோலோவிலிருந்தோ சரக்கு ஏற்றிவரும் வண்டிக் கூலி 2,000. தராசு, பெட்டி, தகரம் 2,000. கையில் ரொக்கம் 3,000. மீதி 13,000-க்குச் சரக்கு: மாவு, சர்க்கரை, தேயிலை, சமையல் எண்ணெய், பீன்ஸ், சோப்பு. பத்து நாளில் சரக்கு ஒரு சுற்று விற்று, நூற்றுக்குப் பத்து நின்றால் 1,300 லாபம். மாதம் மூன்று சுற்று, 3,900. ஒருவருக்கு 1,300. இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையில்தான் நிற்கும்: விற்றது ரொக்கமாகத் திரும்ப வேண்டும்.

மேய்ச்சல் ஊரில் ரொக்கம் அன்றாடம் புழங்குவதில்லை. கிடையிலிருந்து வருபவர் ஆடு விற்றதும் தருகிறேன் என்று ஐந்து கிலோ மாவு எடுத்துக்கொண்டு போவார். அவர் மைத்துனர், அல்லது மாமனாரின் தம்பி. இல்லை என்று சொல்ல முடியாது, சொன்னால் உறவு போகும். மூன்று மாதத்தில் 6,000 ஷில்லிங் பாக்கியாக வெளியே நிற்கும், அலமாரியில் 7,000-க்குத்தான் சரக்கு இருக்கும். பத்து நாளுக்கு ஒரு முறை சரக்கு வாங்கப் போனவர்கள் இப்போது மாதம் ஒரு முறை போவார்கள், ஆனால் வண்டிக் கூலி அதேதான். அந்தச் சமயம் மழை பொய்த்தால் பாக்கிக்காரரின் ஆடு சாகிறது, பாக்கியும் அதோடு போகிறது. வாடிக்கையாளர் எல்லோருமே மேய்ச்சல்காரர்கள் என்பதால் கடைக்கும் மந்தைக்கும் ஒரே நேரத்தில் நோய் வருகிறது. மாடு செத்தாலும் சாகாத பணம் வேண்டும் என்று போட்ட கடையே மாட்டோடு சேர்ந்து சாகும்.

இதற்கு நடைமுறையில் உதவும் சில கட்டுப்பாடுகள் உண்டு. மொத்தப் பாக்கி முதலின் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. பழைய பாக்கி தீராமல் புதுப் பற்று இல்லை. மூவருக்கும் தெரியாமல் யாரும் கடன் கொடுக்கக்கூடாது. கடைசி விதி சிறியதாகத் தெரிந்தாலும் மிகவும் வலுவானது. ஒருத்தி தன் மைத்துனரிடம் முடியாது என்று சொல்வது கடினம். மற்ற இருவரையும் கேட்க வேண்டும் என்று சொல்வது எளிது, அதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கூடவே, வீட்டுக்கு எடுக்கும் மாவையும் பாக்கிக் கணக்கில் எழுத வேண்டும். கடையைத் தின்பது பல ஊர்களில் வெளியாள் அல்ல, கடைக்காரியின் அடுப்பே. எழுதத் தெரியாதவர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அடையாளம் வைத்துக் கோடு போட்டுக் குறிக்கிறார்கள், அது போதும்.

ஒரு குடியிருப்பில் பத்துக் குழுவும் மாவுக் கடையே போட்டால் அது வேறு வகைச் சாவு. ஒரு குழு கடை போட்டால், இன்னொன்று ஆடு வாங்கி விற்கட்டும், மற்றொன்று தோலோ பாலோ பார்க்கட்டும். ஆட்டு வியாபாரம் மழைக்குப் பின் நன்றாக ஓடும்: குடியிருப்பில் ஒவ்வொன்றாக வாங்கி, சில வாரம் மேயவிட்டு, மெரிலே போன்ற வாரச் சந்தையில் விற்பது. வறட்சி தொடங்கும்போது இருப்பு ஆடுகளை நல்ல விலை இருக்கும்போதே விற்றுப் பணமாக்குபவர்கள் பிழைப்பார்கள். இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்று காத்திருப்பவர்களின் மூலதனம் பட்டியிலேயே செத்துவிடும்.

சேமிப்புக் குழுக்கள் பணம் போட்டு வைக்கும் பெட்டியின் முறை நைஜரில் 1991-இல் கேர் அமைப்பு உருவாக்கியது. இருபது பெண்கள், வாரம் ஒரு கூட்டம், இரும்புப் பெட்டி, மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று பேரிடம், பெட்டி நான்காமவரிடம். ஒரு பங்கு 50 ஷில்லிங், ஒருவர் ஒரு கூட்டத்தில் ஒன்று முதல் ஐந்து பங்கு வரை வாங்கலாம். சராசரி இரண்டு பங்கு என்றால் வாரம் 2,000, பன்னிரண்டு வாரத்தில் 24,000. புத்தகத்தில் எண் எழுதுவதில்லை, பங்குக்கு ஒரு முத்திரை குத்துகிறார்கள். கூட்டம் முடியும்போது பெட்டியில் எவ்வளவு என்று உரக்க எண்ணி எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள், அடுத்த கூட்டம் அந்த எண்ணைச் சொல்வதில் தொடங்குகிறது. தன் சேமிப்பின் மூன்று மடங்கு வரை கடன், மூன்று மாதத்தில் திருப்ப வேண்டும். வட்டி மாதம் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து, அந்த வட்டி ஆண்டு முடிவில் அவர்களுக்கே பங்காகத் திரும்புகிறது. முஸ்லிம் உறுப்பினர்கள் உள்ள குழுக்களில் வட்டியைத் திணித்தால் குழு உடையும். அங்கே நிலையான சேவைக் கட்டணம் அல்லது லாபப் பங்கீடு என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ள வேண்டும். இதோடு தலைக்குப் பத்து ஷில்லிங் வீதம் தனி அவசர நிதி, நோய்க்கும் சாவுக்கும். பெட்டியில் பணம் தங்கவிடாமல் அன்றைக்கே கடனாகக் கொடுத்துவிடுவது நல்லது. கால்நடைக் கொள்ளை நடக்கும் பகுதிகளில் நிறைந்த பெட்டி ஆபத்து.

இந்தப் பெட்டிக்கும் ஒரு எல்லை உண்டு. ஒரு வீட்டில் நோய் என்றால் பத்தொன்பது வீடு தாங்கும். வறட்சி இருபது வீட்டையும் ஒரே வாரத்தில் தட்டுகிறது. ஆண்டு முடிவில் எல்லோரும் பங்கைப் பிரித்துக்கொண்ட மறுமாதம் மழை பொய்த்தால் பெட்டி காலி. அதனால் பங்கில் ஒரு பகுதியைப் பிரிக்காமல் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோவது மேய்ச்சல் பகுதியில் கட்டாயம். அதற்கு மேல் ஊருக்கு வெளியிலிருந்து பணம் வந்தே ஆக வேண்டும்.

கென்யாவில் அதற்கு இரண்டு வாய்க்கால்கள் உள்ளன. ஒன்று, துர்க்கானா, மார்சபிட், வஜீர், மண்டேரா ஆகிய நான்கு மாவட்டங்களில் தொடங்கி, பிறகு வேறு மாவட்டங்களுக்கும் விரிந்த, பசியிலிருந்து காக்கும் அரசு உதவித்தொகைத் திட்டம். சுமார் ஒரு லட்சம் குடும்பங்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை 5,400 ஷில்லிங் வங்கிக் கணக்கில் சேர்ந்தது. செயற்கைக்கோள் படத்தில் தாவரப் பசுமைக் குறியீடு 35-க்குக் கீழே இறங்கினால் வறட்சி, 20-க்குக் கீழே கடும் வறட்சி, 10-க்குக் கீழே உச்சம். கடும் நிலையைத் தொட்டதும் வழக்கமான பட்டியலில் இல்லாத குடும்பங்களுக்கும் பணம் போகும்படி ஏற்பாடு. இன்னொன்று, சர்வதேசக் கால்நடை ஆய்வு நிறுவனம் 2010 ஜனவரியில் மார்சபிட்டில் தொடங்கிய காப்பீடு. செத்த மாட்டை யாரும் வந்து எண்ண வேண்டாம், பசுமை குறைந்தால் பணம். தொடக்கத்தில் பருவம் முடிந்து மந்தை செத்த பிறகே பணம் வந்தது. பிறகு விதியை மாற்றி, கால்நடை உயிரோடு இருக்கும்போதே தீவனமும் தண்ணீரும் வாங்கும்படி முன்கூட்டிக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2011 வறட்சியில் இழப்பீடு பெற்றவர்களிடம் ஓர் உண்மை தெரிந்தது: மந்தை உள்ளவர்கள் மாட்டை விற்காமல் தப்பினார்கள், மந்தை குறைந்தவர்கள் சாப்பாட்டைக் குறைக்காமல் தப்பினார்கள். குறைவு என்னவென்றால், குறியீடு ஒரு பெரிய பரப்பின் சராசரி. பக்கத்துப் பள்ளத்தாக்கில் பெய்த மழையால் உங்கள் காய்ந்த நிலத்துக்குப் பணம் வராமல் போகலாம். காப்பீட்டை விற்பவர்கள் இதை முதலிலேயே சொல்லாவிட்டால் ஒரு முறை ஏமாந்தவர் மறுபடி வாங்கமாட்டார்.

திட்டத்தைத் தொடங்கும் மாதமும் முக்கியம். வறட்சியின் நடுவில் மானியம் கொடுத்தால் அது மாவாகி வயிற்றுக்குப் போகும், போகவும் வேண்டும். அப்போது தேவை உதவித்தொகை. வியாபாரப் பணம் நல்ல மழைக்குப் பின், பால் இருக்கும்போது, ஆட்டுக்கு விலை இருக்கும்போது வர வேண்டும். நன்கொடையாளர்களின் நிதியாண்டு இதைப் பார்ப்பதில்லை என்பது உண்மையான வருத்தம்.

ஊரின் வறட்சியிலிருந்து கொஞ்சம் விலகி நிற்கும் வியாபாரம் என்றால் ஒட்டகப் பால். மாட்டின் மடி வற்றிய பிறகும் ஒட்டகம் கறக்கும். வாங்குபவர் தலைநகர் நைரோபியின் ஈஸ்ட்லீ பகுதியில் இருக்கிறார், வறட்சி அவர் கையைக் கட்டுவதில்லை. இசியோலோவின் அனோலேய் பெண்கள் கூட்டுறவு இந்தப் பாலை ஊர்களிலிருந்து சேர்த்து, குளிரூட்டி, பேருந்தில் நைரோபிக்கு அனுப்புகிறது. இங்கே கெட்டுப்போவது பெரும்பாலும் கேனில்தான். வாய் குறுகிய மஞ்சள் பிளாஸ்டிக் கேனில் கை நுழையாது, அடியில் படிந்த பழைய பால் புதுப் பாலைப் புளிக்க வைக்கும். ஒரு வீட்டின் இரண்டு லிட்டர் புளித்த பால் சேர்ந்தால் இருபது லிட்டரும் போச்சு. கை விட்டுத் தேய்க்கக்கூடிய, வாய் அகன்ற அலுமினியக் கேனும், கலக்கும் முன் ஒவ்வொரு வீட்டுப் பாலையும் தனியே முகர்ந்து சுவைத்துப் பார்ப்பதும் அந்த இழப்பைப் பெருமளவு தடுக்கின்றன.

இன்னும் அடிப்படையான தடை ஒன்று: அடையாள அட்டை. அது இல்லாமல் கென்யாவில் சிம் இல்லை, சிம் இல்லாமல் கைபேசியில் பணம் பெறும் எம்-பெசா இல்லை. வடக்கில் அட்டை இல்லாத பெண்கள் பலர். பணம் கணவரின் எண்ணுக்குப் போனால் அது அவர் பணமாகிவிடும். ஆகவே பயிற்சிக்கு முன் அட்டைக்கு விண்ணப்பம் போட வைப்பது திட்டத்தின் முதல் வேலை. ஆண்களை ஒதுக்கிவைத்தும் எதையும் செய்ய முடியாது. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில், இந்தப் பணம் எதற்கு, யார் கையில் இருக்கும் என்று முதலிலேயே பேசி முடித்தால் பிற்பாடு வீட்டுக்குள் சண்டை குறைகிறது.

வியாபாரம் எல்லோருக்கும் பொருந்தாது. தனியாக வாழும் முதிய விதவையிடம் சரக்கு வாங்கி விற்கச் சொல்வது கொடுமை. கென்யா 2018 முதல் 70 வயதைக் கடந்தவர்களுக்கு மாதம் 2,000 ஷில்லிங் ஓய்வூதியம் தருகிறது. அவருக்கு வேண்டியது அது, தேதி தவறாமல். ஆனால் தொகை மாதக்கணக்கில் தாமதமாவது வழக்கம். தாமதமாகும்போது அவர் பற்று வைப்பது அந்த மூன்று பெண்களின் கடையில்தான்.